‘நீங்க எந்தப் பக்கம்?’ என்று கேட்டால் எப்படிச் சொல்வது

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கும் போகிறேன். இரண்டு இடத்துக்கும் வருகிற பிள்ளைகள், முக்கியமாகக் கோயம்புத்தூரில் படித்துவிட்டு விடுமுறைக்கு மேலே வருகிறவர்கள், ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "அக்கா, ஹாஸ்டல்ல நீ எந்தக் கட்சின்னு கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல." பச்சைத் தேயிலை விலையைப் பற்றிக் கேட்டால் இதே பிள்ளைகள் அரை மணி நேரம் பேசுவார்கள். அவர்களுக்குள் இருப்பதையெல்லாம் சேர்த்து, என் நிலை இது என்று இன்னொருவருக்குப் புரியும்படி சொல்லத்தான் வரவில்லை. அவர்களுக்காகவும், எத்தனையோ தேர்தலில் வரிசையில் நின்று வாக்களித்த பிறகும் "எனக்கு அரசியலெல்லாம் தெரியாதுங்க" என்று விலகிக்கொள்கிற என் வயதுப் பெண்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கட்சிப் பெயரைக் கடைசிக்கு வையுங்கள்

எங்கள் மலையில் "எந்தக் கட்சி?" என்பது பெரும்பாலும் "யாரோட ஆளு?" என்கிற கேள்விதான். நீங்கள் ஹட்டியா (படகர் ஊர்), எஸ்டேட் லயனா (தொழிலாளர் வரிசை வீடு), டவுனா? எந்தக் கோயில், எந்தச் சர்ச்? அப்பா யார் கூட்டத்துக்குப் போவார்? இவ்வளவும் தெரிந்தால் கேட்பவர் பதிலையும் தானே முடிவு செய்துவிடுவார். அந்த இடத்தில் ஒரு கட்சியின் பெயரைச் சொன்னால், அவர் ஏற்கெனவே நினைத்ததற்கு நீங்கள் தலையாட்டியதாகத்தான் ஆகும். உங்களைப் பற்றி அவருக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது.

அழுத்திய சின்னத்தை வைத்தும் சொல்லாதீர்கள். எங்கள் நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியையே பாருங்கள். 2019லும் 2024லும் இங்கே தொழிற்சங்கத்தில் இருக்கிற கம்யூனிஸ்ட் தோழரும், மூன்று தலைமுறைக் காங்கிரஸ் குடும்பத்தாரும், விடுதலைச் சிறுத்தைகள் அனுதாபியும் கூட்டணிக்காக அழுத்த வேண்டியிருந்தது உதயசூரியனைத்தான். நிலம், கூலி, மதம் என்று உட்கார்ந்து பேசினால் இந்த மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசுவார்கள்.

2014 இன்னும் தெளிவான உதாரணம். அந்தத் தேர்தலில் இந்தத் தொகுதியில் நோட்டாவுக்கு விழுந்தது 46,559 வாக்கு. அ.தி.மு.க., தி.மு.க. இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது இடம். நோட்டாப் பொத்தானே அதற்கு முந்தைய ஆண்டு, 2013ல், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் வந்தது. 2014ல் பாரதிய ஜனதா வேட்பாளரின் மனு இங்கே நிராகரிக்கப்பட்டிருந்தது. ஆகவே, தன் கட்சிக்கு ஆள் இல்லாததால் நோட்டா போட்டவர் இருந்திருப்பார். இலை விலைக் கோபத்தில் போட்டவர் இருந்திருப்பார். இருந்த எல்லோர் மேலும் நம்பிக்கை இழந்தவரும் இருந்திருப்பார். "நான் நோட்டாக்காரன்" என்று அவர்கள் மூவரும் சொல்லிக்கொள்ளலாம். அதை வைத்து அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

முடிவுகளிலிருந்து தொடங்குங்கள்

ஒரு தாளில் உங்கள் ஊரைத் தொட்ட அரசு முடிவுகளை நான்கைந்து எழுதுங்கள். "ஊழல் ஒழியணும்", "விவசாயி வாழணும்" மாதிரியான வாக்கியங்கள் வேண்டாம். அவற்றை மறுத்துப் பேச ஆளே கிடையாது. யாரும் மறுக்காத வாக்கியத்தால் உங்களை அடையாளம் காட்ட முடியாது. எழுதிய ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே, அந்த நாற்காலியில் நான் இருந்தால் இதைச் செய்திருப்பேனா, இதற்கான செலவு யார் தலையில் விழுகிறது, இதை முடிவு செய்ய வேண்டியது யார் என்று எழுதுங்கள். கடைசி இரண்டும்தான் முக்கியம். அரசியல் சாய்வு என்று சொல்வதில் பெரும்பகுதி அந்த இரண்டு கேள்விக்குள் இருக்கிறது.

எங்கள் ஊருக்குப் பச்சைத் தேயிலையை விட நல்ல பயிற்சி கிடையாது. குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ, அதன் சராசரியை ஒட்டி இலைக்கு மாதாமாதம் ஒரு விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. தூள் விழுந்தால் இலையும் விழும். உரத்துக்கும் கவ்வாத்துக்கும் பறிகூலிக்கும் ஆன செலவு அந்தக் கணக்கில் வருவதில்லை. 1990களின் கடைசியில் விலை சரிந்ததிலிருந்து சிறு விவசாயிகள் குறைந்தபட்ச ஆதரவு விலை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உண்ணாவிரதம், மறியல், நீதிமன்றம் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

சரி, அரசு ஒரு விலையை நிர்ணயிக்கட்டும் என்கிறீர்களா? அடுத்து, அந்த வித்தியாசத்தை யார் தருவது என்று உங்களையே கேளுங்கள். தொழிற்சாலைதான் தர வேண்டும் என்றால், லாபத்துக்கு வரம்பு கட்ட அரசுக்கு உரிமை உண்டு என்று நம்புகிறீர்கள். வரிப்பணத்தில் தரலாம் என்றால், இந்த மலை விவசாயியின் நட்டத்தில் சமவெளியில் இருக்கிற வரி கட்டுபவருக்கும் பங்கு உண்டு என்கிறீர்கள். டீத்தூள் விலை ஏறட்டும் என்றால், அதைப் பொட்டலமாக வாங்குகிற கூலிக்காரரிடமிருந்து எடுத்துத் தருகிறீர்கள். இன்னொரு வழியும் இருக்கிறது: விலையை அரசு சொல்ல வேண்டாம், தொழிற்சாலையே விவசாயிகளுடையதாக இருக்கட்டும் என்பது. இண்ட்கோசர்வ் என்கிற கூட்டமைப்பின் கீழ் இருக்கிற கூட்டுறவுத் தொழிற்சாலைகள் அந்த எண்ணத்தில் வந்தவைதான். இந்த நான்கும் நான்கு அரசியல். "நான் விவசாயி பக்கம்" என்று ஒரே வார்த்தையில் சொன்னால் இந்த நான்கில் எது என்று தெரியாது.

அதோடு நிறுத்தாதீர்கள். இலைக்குக் குறைந்தபட்ச விலை கேட்கிறவர், இலை பறிக்கிறவருக்குக் குறைந்தபட்சக் கூலி பற்றி என்ன நினைக்கிறார்? வாசகர் வட்டத்தில் இதைக் கேட்டபோது ஒரு தம்பி, "விலைக்கு அரசு வரணும்க்கா. கூலிய நாங்க உள்ளூர்லயே பேசிக்குவோம்" என்றான். கேட்டுக்கொண்டிருந்த எஸ்டேட் பிள்ளைகளுக்கு முகம் மாறியது. அவன் வீட்டில் இருப்பது ஓர் ஏக்கருக்கும் குறைவு. அவன் அம்மாவே தினமும் பறிக்கிறார். பறிக்கக் கூலிக்கு ஆள் வைத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதையெல்லாம் அவன் விளக்கிச் சொன்ன பிறகு, அவன் நிற்பது சிறு உடைமைக்காரர்களின் பக்கம் என்று எல்லோருக்கும் விளங்கியது. பெரிய முதலாளிக்கும் எதிர், தொழிற்சங்கத்துக்கும் கொஞ்சம் தள்ளி. உலகத்தில் பல நாடுகளில் இந்த நிலைக்கென்றே விவசாயிகள் கட்சிகள் இருந்திருக்கின்றன. அது ஒரு நேர்மையான நிலை. எஸ்டேட் பிள்ளைகள் அதை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவனோடு பேசுகிறவர்கள் எங்கே அவனோடு வேறுபடுகிறோம் என்று தெரிந்து பேசினார்கள்.

இ-பாஸ், அதாவது மலைக்கு வருகிற வண்டிகள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதி, அந்த விஷயத்தில் "யார் முடிவெடுப்பது" என்கிற கேள்வி முன்னே வரும். 2024 மே 7ல் உயர் நீதிமன்ற உத்தரவால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. என் தங்கை வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுகிறார். அவருக்கு இது நேரடியான வருமான இழப்பு. எனக்கோ, சீசனில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற பெண்களைப் பார்க்கும்போது வரம்பு வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. இங்கே இரண்டு வாக்கியமாகப் பிரித்துச் சொல்லப் பழகுங்கள். "வரம்பு வேண்டும்" என்பது ஒன்று. "அதை நீதிமன்றம் சொல்லி வருவதை விட, ஊராட்சியும் நகராட்சியும் வண்டிக்காரர்களும் உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டும்" என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து "இ-பாஸ் சரியில்லை" என்றால், வரம்பே வேண்டாம் என்கிறவர்களோடு உங்களைச் சேர்த்துவிடுவார்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கத்து நண்பர்களுக்கு இந்தத் தாளில் முதல் வரியே நிலமாக இருக்கும். 1969 ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17வது பிரிவில் சிக்கி, உரிமை முடிவாகாத இடத்தில் பட்டா இல்லாமல், கரண்ட் இணைப்புக்கு அலைந்து வாழ்கிற குடும்பத்துக்கு, காட்டைக் காப்பது என்றால் ஒரு பொருள். மசினகுடியில் யானை வழித்தடத்தில் ரிசார்ட் கட்டியவருக்கு வேறு பொருள். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி மனு கொடுத்துக் காத்திருக்கிற பழங்குடிக் குடும்பத்துக்கு மூன்றாவது பொருள். "நான் இயற்கை ஆர்வலர்" என்று சொல்கிறவர் இந்த மூவரில் யாரை வெளியேறச் சொல்வார், யாரை இருக்கச் சொல்வார் என்றும் சேர்த்துச் சொன்னால்தான் அது அரசியல் நிலை.

பெரிய வார்த்தையை ஒரு படி உள்ளே கொண்டுபோங்கள்

தமிழ்நாட்டில் அநேகம் பேர் தயங்காமல் சொல்கிற சொல் சமூக நீதி. நானும் சொல்கிறேன். ஆனால் 69 சதவீத இடஒதுக்கீட்டை ஆதரிக்கிறேன் என்பதோடு நின்றால், எல்லாப் பெரிய கட்சிகளும் ஆதரிக்கிற ஒன்றைச் சொன்னதாகத்தான் ஆகும். 1994ல் அது அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைக்குப் போனபோது இங்கே எதிர்க்கத் துணிந்த கட்சி இல்லை. உங்கள் நிலை தெரிவது அடுத்த படியில். 2009ல் பட்டியல் சாதிகளுக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் தந்தது சரியா? பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய சாதியினருக்கு ஒன்றிய அரசு 2019ல் தந்த 10 சதவீதம் சரியா?

நீலகிரியில் இதை விடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. படகர்கள் தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கேட்கிறார்கள். தனி மொழி, தனிச் சடங்குகள், தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் வாழ்ந்தவர்கள், தேயிலை விலையால் நொடிந்தவர்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லை என்று என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை. மறுபுறம், தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு இருக்கிற பங்கு மொத்தமே 1 சதவீதம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பனியர், காட்டுநாயக்கர் எல்லோரும் அதற்குள். எண்ணிக்கையிலும் படிப்பிலும் முன்னே இருக்கிற ஒரு சமூகம் உள்ளே வந்தால், பனியர் குடியில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு என்ன மிஞ்சும்? பங்கைக் கூட்டிவிட்டுச் சேர்க்கலாம் என்பது ஒரு பதில். உள் ஒதுக்கீட்டோடு சேர்க்கலாம் என்பது இன்னொன்று. சேர்க்கவே கூடாது என்பதும் ஒரு பதில். இதைப் பேசும்போது எதிரே இருப்பவர் ஹட்டிக்காரராக இருந்தால் குரலைத் தாழ்த்துங்கள், கருத்தை மாற்றாதீர்கள். எனக்கு நெருங்கிய படக நண்பர்கள் உண்டு. உள் ஒதுக்கீடு இல்லாமல் சேர்ப்பதை நான் ஆதரிக்கவில்லை என்று அவர்களிடமே சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகும் அவர்கள் வீட்டுக் கல்யாணத் துணி என் கடையில்தான் தைக்கிறது.

கட்டைப் பிரித்துச் சொல்லுங்கள்

ஒன்றை ஆதரித்தால் இன்னொன்றையும் ஆதரிப்பார் என்று ஊரே முடிவு செய்து வைத்திருக்கிற கட்டுகள் உண்டு. இடஒதுக்கீடு வேண்டும் என்றால் சாமி கும்பிடமாட்டார். நெற்றியில் விபூதி இருந்தால் அவர் தாமரை. மரத்தைப் பற்றிப் பேசினால் வெளியூர் தொண்டு நிறுவனத்து ஆள். இலவசப் பேருந்தைக் குறை சொன்னால் பணக்காரர்.

நான் மாரியம்மன் திருவிழாவுக்கு விரதம் இருப்பவள். பெண்ணுக்குச் சொத்துரிமை, சாதி மறுப்பு பற்றிப் பெரியார் பேசியவற்றைப் பெரிதாக மதிப்பவள். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று கேட்பவர்களிடம் வரலாற்றைச் சொல்வேன். பெரியார் கடவுளே வேண்டாம் என்றார். 1949ல் தி.மு.க.வைத் தொடங்கிய அண்ணா திருமூலரின் ‘ஒன்றே குலம், ஒருவனே தேவன்’ என்பதை எடுத்துக்கொண்டார். அந்த இயக்கத்துக்குள்ளேயே இந்தக் கட்டைத் தொடக்கத்திலேயே பிரித்திருக்கிறார்கள். உங்கள் கட்டிலும் சேராத துண்டு ஏதாவது இருந்தால் அதை மறைக்காமல் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கேட்பவர் உங்களைத் தன் பட்டியலில் ஒரு வரியாக எழுதிவிட்டு நகர முடியாமல், அடுத்த கேள்வி கேட்க நிற்பார். அந்த அடுத்த கேள்விதான் நமக்கு வேண்டும்.

இணையத்தில் கேள்விகளுக்குப் பதில் தந்தால் ஒரு கட்டத்துக்குள் புள்ளி வைத்து இடதா வலதா என்று காட்டுகிற தேர்வுகளைப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். விளையாட்டுக்குச் சரி. அந்தக் கேள்விகளைத் தயாரித்தவர்கள் வாழ்கிற நாட்டில் சாதி கிடையாது, இந்தித் திணிப்பு கிடையாது, ஒன்றிய அரசிடம் வரிப்பங்கு கேட்டு நிற்கிற மாநிலமும் கிடையாது. மாநில உரிமை, மொழி, சாதி, கோயில் நிர்வாகம் நான்கையும் நீங்களே சேர்த்துக்கொண்டால்தான் நம்மூர் ஆள் ஒருவரின் நிலை முழுதாக வரும்.

எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லுங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் எவ்வளவு தெளிவான நிலையும் படித்து ஒப்பிப்பதாகத்தான் தெரியும். ஆனால் குடும்பக் கதை முழுவதையும் சொல்ல வேண்டாம். எந்தச் சம்பவம் எந்த முடிவுக்குக் கொண்டுவந்தது என்ற இணைப்பு மட்டும் போதும்.

என்னுடையதைச் சொல்கிறேன். என் தாத்தா பாட்டி கண்டிப் பக்கத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது; வாக்கும் போனது. 1964 அக்டோபர் 30ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. என் பெற்றோர் ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மலையேறி வந்தார்கள். இங்கே அரசின் டான்டீ தோட்டத்தில் வேலை கிடைத்தது. எங்களைப் போல் வந்தவர்களுக்காகவே 1968ல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி, 1976ல் நிறுவனமானது அது. வேலையும் இருக்க ஒரு வீடும் அதிலிருந்துதான்.

இதிலிருந்து எனக்குள் இரண்டு வந்தன. அரசு கைகொடுத்தால் ஒரு தலைமுறை எழுந்து நிற்கும் என்பது ஒன்று. மக்களைக் கேட்காமல் மேலே இருந்து எடுக்கிற முடிவு எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்பது இன்னொன்று. பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்ற திட்டம் 2021ல் கீழே சமவெளிக்கு வந்து, எங்கள் மலைப் பேருந்துகளுக்கு 2024ல்தான் வந்தது. கீழே இருப்பவர்கள் திட்டம் போடும்போது மலை நினைவுக்கு வருவதில்லை என்று நான் பேசுவதற்கு அந்த இரண்டாவது எண்ணம்தான் காரணம். இப்படி ஒரு சங்கிலியாகச் சொன்னால், என்னோடு ஒத்துப்போகாதவருக்கும் நான் ஏன் இப்படிப் பேசுகிறேன் என்பது விளங்கும்.

உங்கள் குடும்பம் ஒரு கட்சி, நீங்கள் வேறு என்றால் அதையும் இந்த இடத்தில் சொல்லுங்கள். அப்பாவைக் குறைத்துப் பேசாமல் சொல்ல முடியும். "அப்பா எம்.ஜி.ஆர். காலத்து ஆளு. சத்துணவு வந்தப்ப நாங்க சாப்பிட்டது அதுலதான். அந்த நன்றி அவருக்கு உண்டு. எனக்கு இன்னைக்கு வேலைவாய்ப்புதான் முதல் கேள்வி" என்று வாசகர் வட்டத்தில் ஒரு பெண் சொன்னாள். அதை விட மரியாதையாகவும் தெளிவாகவும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எவ்வளவு ஆழம் என்பதையும் சொல்லுங்கள். உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறவர், கூட்டத்துக்குப் போகாத அனுதாபி, ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளரைப் பார்த்து முடிவெடுப்பவர், கொள்கை பிடித்தும் தலைமை பிடிக்காதவர் என்று பல வகை. இதில் நீங்கள் எது என்று தெரியாவிட்டால், அந்தக் கட்சி செய்த எல்லாவற்றுக்கும் உங்களிடம் கணக்குக் கேட்பார்கள். "நடுநிலை" என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து கவனமாகப் பயன்படுத்துங்கள். இன்னும் முடிவெடுக்கவில்லை என்றால் முடிவெடுக்கவில்லை என்றே சொல்லலாம். பயமாக இருக்கிறது என்றால், அடுத்த பகுதி உங்களுக்குத்தான்.

யாரிடம் சொல்லக் கூடாது

உங்கள் வீடு, வேலை, கூலி மூன்றில் ஒன்று கேட்பவர் கையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. லயன் வீட்டில் இருக்கிறவரிடம் மேற்பார்வையாளர் கேட்பதும், கந்துவட்டிக்குப் பணம் தந்தவர் கேட்பதும், தேர்தலுக்கு முந்தின நாள் கவரோடு வந்தவர் கேட்பதும் கருத்துப் பரிமாற்றம் கிடையாது. வாக்கு ரகசியம் சட்டம் தந்தது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94வது பிரிவு, யாருக்கு வாக்களித்தாய் என்று எந்த வழக்கிலும் ஒருவரைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. நீதிமன்றமே கேட்க முடியாததை வீட்டுக்காரரும் மாமனாரும் கேட்டு நிர்ப்பந்திக்க வேண்டாம். என் கடைக்கு வருகிற பெண்கள் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. வாக்களிக்கலாம், எப்படி வாக்களித்தேன், எப்படி வாக்களிப்பேன் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. ஆசிரியர்கள், வருவாய்த்துறையினர் இதை நினைவில் வையுங்கள். தேநீர் நேரத்தில் கொள்கையைப் பேசலாம், கட்சியைச் சொல்லாமல்.

சொல்லும் விதம்

"நம்ம ஆளுங்க எல்லாம்" என்று தொடங்காதீர்கள். "நான்" என்று தொடங்குங்கள். தலைவர்களின் குணத்தைப் பேசத் தொடங்கினால் பேச்சு அதோடு போய்விடும். பெயர் வந்தவுடன் முடிவுக்குத் திருப்புங்கள். உங்கள் நிலையால் யாருக்கு நட்டம் என்பதை எதிரே இருப்பவர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். எது நடந்தால் மாறுவீர்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள். அந்த வரி கிடைக்கவில்லை என்றால் அந்த விஷயத்தை இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும் என்று அர்த்தம்.

எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று பயப்பட வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடலாம். என்னுடையது இது:

"நான் கூலிக்காரர்கள் பக்கம். அரசுத் தோட்டத்து வேலையில் வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அதனால் அரசு எல்லாவற்றிலிருந்தும் விலகிக்கொள்ளட்டும் என்கிற பேச்சை நான் ஏற்கமாட்டேன். எங்களைக் கேட்காமலேயே எங்களைப் பங்கு போட்டார்கள். அதனால் காடு, ரோடு, நிலம் எதுவானாலும் அங்கே வாழ்கிறவரைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பேன். இலைக்கும் விலை வேண்டும், பறிக்கிற கைக்கும் கூலி வேண்டும். அதற்காக டீத்தூள் ஐந்து ரூபாய் ஏறினால் கொடுப்பேன். இடஒதுக்கீடு வேண்டும், அதற்குள் கடைசியில் நிற்பவருக்குத் தனிப் பங்கும் வேண்டும். சாமி கும்பிடுவேன், சாமியை வைத்து வாக்குக் கேட்டால் போடமாட்டேன். மலைக்கு வண்டி வரம்பு வேண்டும். அதில் வருமானம் இழக்கிற வண்டிக்காரருக்கு அரசு ஈடு தர வேண்டும். அப்படித் தர முடியாது என்று ஆகிவிட்டால் வரம்பைத் தளர்த்தச் சொல்வேன். மதுக்கடையை மூட வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் நான் ஆதரிக்கிற திட்டங்களுக்கு அந்த வருமானமும் போகிறது. அதற்குப் பதில் பணம் எங்கிருந்து என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. எந்தக் கட்சியிலும் நான் இல்லை."

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க இன்ன கட்சிதானே?" என்று முடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஆமாம், இல்லை என்று பதில் தந்தால் சொன்னதெல்லாம் போய்விடும். நான் சொல்வது: "இதுல எந்த வரி உங்களுக்கு ஒத்து வரலைன்னு சொல்லுங்கண்ணா, அதைப் பேசுவோம்." பெரும்பாலும் வண்டி வரம்பில்தான் தொடங்குவார்கள்.